கடை வைக்க ஒரு சண்டை

நான் மூன்று நாடுகளில் சோறு வடித்திருக்கிறேன். இலங்கையில், பர்மாவில், அப்புறம் எங்கள் ஊர்ப்பக்கம். வடித்த கை ஒன்றுதான், அரிசிதான் மாறியது. இலங்கையில் நான் கூலி. பர்மாவில் கடைக்காரன். சொந்த ஊரில் நான் என்ன என்பதை முடிவு செய்யத்தான் நாளானது. அதற்குப் பலர் சேர்ந்து உட்கார வேண்டியிருந்தது.

காரைக்குடிக்கு ரயில் வந்த புதிதில் ரயிலடிக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தேன். வண்டிக்குக் காத்திருப்பவர்கள் சாப்பிட்டு முடித்ததும் எதையாவது பேசுவார்கள். பாதிப் பேர் அக்கரைச் சீமைக்குப் போகிறவர்கள் அல்லது போய்த் திரும்பியவர்கள். அதனால் பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வரும். அந்த நாட்டில் தெருவுக்குத் தெரு கடை இருக்கிறது, கண்டவனெல்லாம் தொழில் தொடங்குகிறான், நம் நாட்டில் ஏன் அப்படி இல்லை?

"நம்ம சனத்துக்குத் துணிச்சல் கிடையாதுய்யா," என்றார் ஒருநாள் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். "சீனாக்காரனைப் பாருங்க. ஒரு தகர டப்பாவோட கப்பலை விட்டு எறங்குறான். கொஞ்ச நாள்ல கடைக்கு முதலாளி."

"டப்பா நம்மகிட்டயும் இருக்கு வாத்தியாரே. கப்பலுக்குத்தான் வழி இல்லை," என்றார் பக்கத்து இலையில் இருந்த வண்டிக்காரர்.

"வெயிலுங்க. வெயில்ல மூளை காஞ்சு போகுது," என்றார் இன்னொருவர்.

"அப்ப கடல் தாண்டிக் கடை வச்ச செட்டியாக எல்லாம் பனியிலயா பொறந்தாக? இதே வெயில்லதான பொறந்தாக," என்றார் வண்டிக்காரர்.

வாத்தியார் இலையில் சோற்றைக் குழித்தார். மோர் கேட்டார், ஊற்றினேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அவர்கள் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. ஆனால் துணிச்சல் என்று அவர் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. துணிச்சல் ஆளிடம் இருக்கிற பொருள் என்றால், ஒரே ஆளாகிய என்னிடம் அது ஒரு நாட்டில் இருந்து இன்னொரு நாட்டில் இல்லாமல் போனது எப்படி?

எங்கள் ஊர் கோட்டையூருக்குத் தெற்கே, நடந்து போகிற தூரம். வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் நெல், பெருகாவிட்டால் கேழ்வரகு, அதுவும் இல்லாவிட்டால் கப்பல். மீசை முளைத்த வயதில் நான் முதலில் போனது இலங்கை, தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்க உதவாதவன் என்று கங்காணி வீட்டு அடுப்படியில் விட்டார்கள். கங்காணிதான் ஆள் பிடித்து வந்தவர், மேஸ்திரி, தோட்டத்துக்குள் இருந்த ஒரே பலசரக்குக் கடைக்கும் சொந்தக்காரர்.

கூலிகள் குடியிருந்த லயத்தில் ஒரு பொம்பளை இருந்தாள், திருச்சிப் பக்கத்துக்காரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் அடுப்பு மூட்டி உளுந்து வடை சுட்டு விற்றாள். சட்டி காலியாகிக்கொண்டே இருந்தது. கங்காணி வந்தார், பார்த்தார், எண்ணெய்ச் சட்டியைக் காலால் தள்ளிவிட்டார். "கடை ஒண்ணு இருக்குல்ல, போதும்," என்றார். எண்ணெய் மண்ணில் ஊறியது. மறுநாள் அவள் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வாரமே கங்காணி சாப்பிட்டுக்கொண்டு சிரித்தார்: "தொரை சொல்றாரு, நம்ம ஆளுகளுக்கு யாவாரம் வராதாம்."

அங்கிருந்து காய்ச்சலோடு திரும்பினேன். உடம்பு தேறியதும் ஒரு செட்டியார் வீட்டார் தங்கள் ரங்கூன் கிட்டங்கிக்குச் சமையலாள் வேண்டும் என்றார்கள். கிட்டங்கி என்றால் அவர்கள் பல கடைக்காரர்கள் சேர்ந்து தங்கிக் கொடுக்கல் வாங்கல் செய்கிற பெரிய கட்டடம். அங்கே ஒரு கணக்கு, அதாவது மூன்று வருஷம், சமைத்தேன். பிறகு ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில் இருந்த அவர்கள் கடைக்கு அனுப்பினார்கள். அந்த ஊரில் நெல் அரைக்கிற மில் இருந்தது, படகுத்துறை இருந்தது. துறையில் ஒரு பர்மாக்காரி அரிசிச் சேவையில் மீன் குழம்பு ஊற்றி விற்பாள். நான் மீன் வாங்கப் போகிற வழி அது.

ஒருநாள் அவள் கேட்டாள். சந்தையில் புழங்குகிற அரைகுறை பர்மியப் பேச்சுத்தான் எனக்குத் தெரியும். "நீ ஏன் அடுத்தவனுக்குச் சமைக்கிறாய்? உன் ஊர்க் கூலிகள் என் சேவையைத் தின்று முகம் சுளிக்கிறார்கள். நீ போட்டால் தின்பார்கள்."

"கடை நடக்காவிட்டால்?" என்றேன்.

அவள் சிரித்தாள். முதலில் சுருட்டு விற்றாளாம், நடக்கவில்லை. கருவாடு விற்றாளாம், மழையில் அழுகிப் போனது. பட்டுத் துண்டு விற்றாளாம், அதுவும் போனது. இப்போது சேவை. அவள் புருஷன் பின்னால் உட்கார்ந்து பிள்ளைக்குத் தூளி ஆட்டிக்கொண்டு சுருட்டுப் பிடித்தான். அவனுக்கு இந்தக் கதை முன்பே தெரியும் போலிருந்தது, ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான். அவர்கள் கல்யாணமாகிக் கொஞ்ச காலம் பெண் வீட்டில் இருந்துவிட்டுத் தனியாக வந்துவிட்டவர்கள். அந்த நாட்டில் எல்லோருமே அப்படித்தான் வருகிறார்கள். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

என் தவணை முடிந்ததும் ஊர் திரும்பாமல் அவள் கடைக்குப் பக்கத்தில் நாலு மூங்கிலை நட்டு ஓலை வேய்ந்தேன். பெஞ்சு அவள் கொடுத்தாள். மில் கூலிகள் வந்தார்கள், தமிழர்களும் தெலுங்கர்களும். எந்த ஊர், யார் பிள்ளை என்று கேட்பார்கள். பதில் வருவதற்குள் உட்கார்ந்துவிடுவார்கள். கடை நன்றாகவே நடந்தது. மிஞ்சியதை ஊருக்கு அனுப்பினேன். எங்கள் வீட்டில் யார் சம்பாதித்தாலும் அய்யா கையில்தான் சேரும். அதில் ஒரு கிணறு வெட்டினார்கள், தங்கச்சிக்குக் கல்யாணம் செய்தார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அப்போது அது வருத்தப்படுகிற விஷயம் என்றே தெரியாது.

பிறகு எனக்குப் பெண் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு வா என்று ஆளிடம் சொல்லி அனுப்பினார்கள். ஓலைக் கொட்டகையை என்னோடு இருந்த ஒருவனிடம் விட்டுவிட்டு வந்தேன். பெண் நேமத்தான்பட்டிப் பக்கம். கல்யாணம் ஆனதும் அவளையும் கூட்டிக்கொண்டு கப்பலேறலாம் என்று நினைத்திருந்தேன். நம் வீட்டுப் பொம்பளைகள் கப்பலேறுவதில்லை என்று அய்யா சொல்லிவிட்டார். அவளை விட்டுவிட்டுப் போகவும் எனக்கு மனமில்லை. அந்தச் சமயத்தில்தான் காரைக்குடியில் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரயிலடி எங்கே வரும் என்று எல்லோருக்கும் தெரியும். படகுத்துறையில் நடந்த கடை ரயிலடியில் நடக்காதா? துறை என்றால் துறைதான், தண்ணீர் இல்லை, அவ்வளவே. சட்டி பானையெல்லாம் பர்மாவிலிருந்து கொண்டுவந்திருந்தேன். என்ன வேண்டும்? நானும் அவளும் தனியாக இருந்து எங்கள் வரவை நாங்களே வைத்துக்கொண்டு எங்கள் செலவை நாங்களே செய்ய வேண்டும். பொது அடுப்பில் தின்றுகொண்டு, பொதுக் கையில் கொடுத்துக்கொண்டு கடை நடத்த முடியாது. மறுநாள் அரிசிக்கு வைத்ததை வீட்டில் உழவு மாட்டுக்கு எடுத்துவிடுவார்கள்.

ரயில் வருகிற வரையில் கோட்டையூரில் ஒரு செட்டியார் வீட்டில் விசேஷங்களுக்குச் சமைக்கப் போனேன். அங்கே ஒரு நாள் நடந்ததைப் பார்த்தேன். அந்த வீட்டு மகனுக்குச் சில மாதத்துக்கு முன்னால்தான் கல்யாணம் ஆகியிருந்தது. நல்ல நாள் பார்த்து அவனையும் மருமகளையும் வேறு வைத்தார்கள். அவர்கள் வழக்கம் அது. வீட்டை விட்டு அனுப்புவதில்லை. அதே வீட்டின் பின்பக்கத்து இரண்டாம் கட்டுக்குள் ஒரு மூலையில் தனி அடுப்பு, சாமான் வைக்க ஓர் அறை, ஒரு வருஷத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய், விறகு, பாத்திரம் எல்லாம் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் அவர்கள் குடித்தனம் நடத்திக்கொள்ள வேண்டும். மாமியார் அடுப்பும் மருமகள் அடுப்பும் கூப்பிடு தூரத்தில் எரியும். எனக்குப் பாயசம் கிண்டுகிற வேலை.

"இனிமே உப்பு இல்லை புளி இல்லைன்னு இங்குட்டு வரப்படாது," என்றார் மாமியார் ஆச்சி மருமகளிடம். "வந்தாக் கைமாத்துத்தான். அளந்து வாங்கி அளந்து குடுக்கணும்."

"நீங்க வாங்கினாலும் அப்படித்தானே அயித்தை?"

"அடி ஆத்தி, அடுப்பு பத்தலை, அதுக்குள்ள கடை தொறந்துட்டா இவ," என்று ஆச்சி சிரித்தார். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள்.

பந்தி முடிந்தபின் நான் ஆச்சியிடம் கேட்டேன். "ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு அடுப்பு எரிஞ்சா ஊரு ஒண்ணும் சொல்லாதா ஆச்சி?"

"வேறு வைக்காட்டித்தாம்ப்பா சொல்லும். பயலை நம்பலை போலம்பாக. ஆத்தா போட்ட சோத்தையே தின்னுக்கிட்டு இருக்கிறவனுக்கு வரவு எது செலவு எதுன்னு எப்பத் தெரியிறது? சின்னதா விழுந்து எந்திரிக்கட்டும். நாங்க பக்கத்துலதானே இருக்கோம்."

அன்றைக்கு அந்த வீட்டுப் பந்தியில் பையனின் சித்தப்பா ஒருவரும் உட்கார்ந்திருந்தார். பர்மாவில் ஒரு ஊரில் கடை நொடித்துப்போய் வந்தவர் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் நெய் அதே அளவுதான் விழுந்தது. அடுத்த கப்பலில் அவரை வேறு ஊர்க் கடைக்கு அனுப்புகிற பேச்சு அந்தப் பந்தியிலேயே நடந்தது.

இதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்தேன். வீட்டைப் பிரிக்க வேண்டாம், நிலத்தைப் பிரிக்க வேண்டாம், ஓர் அடுப்பு போதும். கூலிக்குச் சமைக்கப் போன இடத்தில் நல்லதாக ஒன்றைப் பார்த்தால் கொண்டுவருவதில் என்ன தப்பு?

அறுப்பு முடிந்து களத்தில் அய்யா நெல் தூற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் வைக்கோலைக் கட்டிக்கொண்டிருந்தான். காற்று நன்றாக அடித்தது.

"அய்யா, எங்களை வேறா வச்சிருங்க," என்றேன்.

அய்யா சுளகைக் கீழே இறக்கினார்.

"யாரு என்ன சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலை."

"உன் மதினி ஏதும் சொன்னாளா?"

"இல்லைய்யா."

"அப்ப உன் பொண்டாட்டி சொல்லிக் குடுத்தாளா?"

"அவளுக்கே இன்னும் தெரியாது."

"பெறகு எதுக்குடா வேறு?"

ரயிலடியைச் சொன்னேன், கடையைச் சொன்னேன். பர்மாவில் நடந்ததையும் சொன்னேன். அண்ணன் வைக்கோலை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "சோத்தை விக்கப் போறியா?" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்பதுபோல் கேட்டான்.

"அங்க வித்தேன்ல. நீங்க தண்ணி எறைக்கிற கெணறு அதுலதான் வந்துச்சு."

"அங்க வித்தே. அங்க உன்னை யாருக்குத் தெரியும்?" என்றார் அய்யா. "இங்க எனக்கு முன்னால ஒருத்தன் வந்து, உன் மகன் கடையில இன்ன விலைக்குத் தின்னேன்னு சொல்லுவான். நான் எந்த மொகத்தோட கேட்டுக்கிட்டு நிக்கிறது?"

சுளகை எடுத்து மறுபடி தூற்ற ஆரம்பித்தார். காற்று திரும்பிவிட்டிருந்தது. பதர் அவர் மேலேயே வந்து விழுந்தது. அவர் நகரவில்லை.

எங்கள் சனத்தில் தனி அடுப்பு என்றால் சண்டை. அண்ணன் தம்பி வெட்டுக் குத்துக்குப் போய், பங்காளிகள் கூடி, இனிச் சேர்ந்து இருக்க வழியில்லை என்று ஆன பிறகுதான் பிரிப்பார்கள். பிரித்தபின் அந்த அடுப்பில் இவர்கள் கை நனைக்க மாட்டார்கள், இந்த அடுப்பில் அவர்கள் நனைக்க மாட்டார்கள். பிறப்பு, இறப்புக்கும் போக்குவரத்து இல்லை. செட்டியார் வீட்டில் பாயசம் வைத்துச் செய்கிற காரியம் எங்கள் வீட்டில் கிட்டத்தட்ட ஒரு சாவு. எனக்கு இது தெரியாமல் இல்லை. வெளியூர் வெளியூராக அலைந்ததில் அதன் கனம் மறந்துபோயிருந்தது.

பங்காளிகள் மூன்று பேர் வந்தார்கள். கண்மாய்க்கரையில் உட்கார்ந்தோம்.

"சங்கடத்தைச் சொல்லு, தீத்து வைக்கிறோம்," என்றார் மூத்தவர்.

"சங்கடம் இல்லை பெரியய்யா."

"சங்கடம் இல்லாம எவன் பிரிவான்?"

"செட்டியாக வீட்டுல எல்லாம்..."

"அவுக கடலுக்குப் போறவுக. நம்ம என்ன கடலுக்கா போறோம்?"

"நான் ரெண்டு தடவை போயிட்டு வந்தேன் பெரியய்யா."

"போனே. சமைக்கத்தானே போனே."

இரண்டாமவர் குரலைத் தாழ்த்தினார். "மதினி கையில சோறு கொறைச்சலா விழுகுதா? கூச்சப்படாமச் சொல்லு."

"அவன் வயித்தைப் பாத்தா அப்படித் தெரியலையே," என்றார் மூன்றாமவர். மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு மறுபடி முதலிலிருந்து கேட்டார்கள்.

அவர்கள் கெட்ட மனிதர்கள் இல்லை. தீர்த்து வைக்கத்தான் வந்தார்கள். தீர்க்க ஒன்றும் கிடைக்காததுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை. சாயங்காலம் ஆனதும் எழுந்து துண்டைத் தட்டினார்கள். காரணம் இல்லாமல் ஒருவன் பிரியமாட்டான், ஆகவே காரணம் வெளியே சொல்ல முடியாதது, ஆகவே அது புதிதாக வந்தவள்தான். இந்த முடிவு எங்களுக்கு முன்னால் ஊருக்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

அதற்கப்புறம் என் மனைவி கிணற்றடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். அவள் அய்யாவும் அண்ணன்மாரும் வந்து வாசலிலேயே நின்று, மகளை அழைத்துப் போகட்டுமா என்று கேட்டார்கள். எங்கள் அய்யா மாட்டை அவிழ்த்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள். ஒரு மாதம் இப்படி ஓடியது. ரயிலடிக் கட்டடத்துக்குக் கூரை ஏறிவிட்டது. அதற்குப் பக்கத்து இடத்தை இன்னொருவர் பார்த்துவிட்டுப் போனார் என்று கேள்விப்பட்டேன். இனி இரண்டே வழி. கடை, இல்லாவிட்டால் அவளை அவள் வீட்டில் விட்டுவிட்டு மறுபடியும் கப்பல்.

"ஏதாச்சும் ஒரு சண்டையைச் சொல்லிருங்க," என்றாள் அவள். மாட்டுக்கொட்டத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். "சண்டைன்னா ஊரு ஒத்துக்கிரும்."

"யாரோட?"

"அதான் ஆளு கெடைக்கலை."

மதினி பக்கத்தில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் மனைவி, என்னைவிட மூத்தவர். பெரிய குரல், பெரிய கை. என் மனைவி வந்த நாளிலிருந்து அவள் தலையை வாரிவிட்டவர் அவர்தான். பிள்ளை இல்லை. எங்கள் ஆத்தா போனபின் வீட்டு அடுப்பு அவர் கையில்தான். தவிட்டுக் கையை உதறிவிட்டு, "என்னோட போடு," என்றார்.

"அக்கா, வெளையாடாதீக."

"நான் எங்க வெளையாடுறேன்? என்னோட போட்டாத்தான் நம்புவாக. கொழுந்தனாருக்கு ஒரு சண்டைதானே வேணும். ஊருக்கு ஒரு சண்டை. போட்டுட்டாப் போச்சு."

"எதை வச்சுப் போடுறது? விறகா?"

"விறகுக்கெல்லாம் பிரிக்க மாட்டாக. நகை, இல்லாட்டி சோறு. நம்மகிட்ட நகை எங்க இருக்கு? சோறுன்னே வச்சுக்கிருவோம். நான் உனக்குக் கொறைச்சுப் போடுறேன்னு சொல்லு. நான் உங்க அப்பன் வீட்டுச் சீரைச் சொல்லுறேன். தண்ணிக்குப் போறவளுக திரும்புற நேரமாப் பாத்துப் போடணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன்.

மறுநாள் காலை பொம்பளைகள் குடத்தோடு வருகிற நேரத்தில் என் மனைவி சோற்றுக் கும்பாவை வாசலில் எறிந்தாள். மதினி வெளியே வந்தார். பேசி வைத்ததைத்தான் முதலில் பேசினார்கள். குறைத்துப் போடுகிறாள் என்று இவள், வெறும் கையோடு வந்தவள் என்று அவர். குடத்தோடு வந்தவர்கள் நின்றார்கள். ஆனால் கேட்டுக்கொண்டு நின்றார்களே தவிர, நம்பின முகமாகத் தெரியவில்லை. ஒருத்தி குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு நகரப் பார்த்தாள். மதினி அடுத்ததைப் பேசு என்பதுபோல் கண்ணைக் காட்டினார். அப்போது என் மனைவி சொன்னாள்: "பிள்ளை பெத்த கையா இருந்தா அளவு தெரியும்."

அது பேசி வைத்தது அல்ல. எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை, பிறகு பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். மதினி சொல்ல வேண்டிய வரி இன்னும் மிச்சம் இருந்தது. அதைச் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார். நகரப் பார்த்தவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "இனி எப்படி ஒண்ணா இருக்கிறது," என்றாள்.

அன்று சாயங்காலமே பங்காளிகள் வந்து பிரித்துவிட்டார்கள். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மூத்தவர் என் தோளைத் தட்டி, "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல," என்றார்.

ரயிலடியில் கடை வந்தது. கீற்றுக் கொட்டகை, மண் தரை, பாய். அவள் வடிப்பாள், நான் குழம்பு வைப்பேன், பரிமாறுவேன். காலையில் இட்லி, மத்தியானம் சாப்பாடு. வண்டி வருகிற சத்தம் கேட்டால் உலையில் அரிசியைப் போடுவோம். நெற்குப்பை ஊரிலிருந்தும் இன்னும் தள்ளியிருந்தும் மாட்டுவண்டியில் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிறவர்கள், வழியனுப்ப வந்தவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் சாப்பிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் கடையைக் கடந்து போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பசியோடு வண்டி ஏறினார்கள்.

கடை வைத்த அடுத்த வருஷம் எங்களுக்கு முதல் பிள்ளை பிறந்தது. தங்கவில்லை. மருத்துவச்சி ஒருத்திதான் கூட இருந்தாள். மதினி வரவில்லை. வரக்கூடாது என்பது ஊர்க் கட்டு. கட்டு இல்லாவிட்டால் வந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. என் மனைவி ஒருமுறை எங்கள் ஊர்க்காரி ஒருத்தியிடம் சொல்லி அனுப்பினாள், அக்காவைப் பார்க்க வரட்டுமா என்று. பதில் வந்தது. "நடக்கிற கடை நடக்கட்டும்" என்றாராம். அதைச் சொல்லும்போது முகம் எப்படி இருந்தது என்று இவள் கேட்டாள். வந்தவள் கவனிக்கவில்லை.

வாத்தியார் துணிச்சல் என்றதைப் பற்றி இரவு பாத்திரம் கழுவும்போது சில சமயம் நினைப்பேன். இலங்கையில் கடை வைத்தால் சட்டியை உதைத்தார்கள். பர்மாவில் பெஞ்சு கொடுத்தார்கள். செட்டியார் வீட்டில் அரிசியும் விறகும் கொடுத்து, விழுந்து பார் என்றார்கள். எங்கள் ஊரில் நாங்கள்தான் ஒரு மனுஷியைக் கொடுக்க வேண்டியிருந்தது. துணிச்சல் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்திருக்கும். விலைதான் வேறு வேறு. எங்கே விலை குறைவோ அங்கே கடை அதிகம். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கண்மாய் இரண்டு வருஷம் தொடர்ந்து பெருகவில்லை. அண்ணன் மதினியை அய்யாவோடு விட்டுவிட்டு மலாய் நாட்டுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குக் கிளம்பினான். ஒருநாள் காலை அவனும் அய்யாவும் ரயிலடிக்கு நடந்து வந்தார்கள். கடையிலிருந்து பார்த்தால் வேப்பமரம் தெரியும். அண்ணன் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான், அய்யா நின்றிருந்தார். வண்டி தாமதமாக வந்தது. அண்ணன் ஏறிப் போனான். எங்கள் பக்கம் அவன் திரும்பினானா என்று வண்டியின் புகையில் தெரியவில்லை. அய்யா அங்கேயே இருந்தார். வெயில் ஏறி உச்சிக்கு வந்தது.

"உங்க அய்யா ஒக்காந்துருக்காக," என்றாள் என் மனைவி.

"பாத்தேன்."

"கூப்பிடுங்க."

"கூப்பிட்டா வரமாட்டாரு."

அவள் கரண்டியோடு வாசலில் போய் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அய்யா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. கூரைக் காலைப் பார்த்துக்கொண்டு, "சாப்பாடு என்ன வெல?" என்றார்.

அவள்தான் சொன்னாள். எல்லோருக்கும் சொல்கிற விலையைச் சொன்னாள்.

பந்தியின் கடைசியில் உட்கார்ந்தார். அவள் இலை போட்டுச் சோறு வைத்தாள். நான் குழம்பு ஊற்றினேன். பக்கத்தில் ஒரு வண்டிக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பெரியவருக்கு எந்த ஊரு?" என்றார். அய்யா ஊரைச் சொன்னார்.

"அங்க இருந்து வந்து இங்க சாப்பிடுறீகளே. இங்க சொந்தம் யாரும் இல்லையா?"

"இல்லை. வண்டிக்கு வந்தேன்."

"இன்னுங் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்றாள் என் மனைவி. மாமா என்று வருகிற இடத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"மத்தவுகளுக்கு எவ்வளவோ அவ்வளவு வையி."

அவர் முழுவதும் சாப்பிட்டார். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். இலையை மடக்கிவிட்டு எழுந்து, கை கழுவி வந்து, மடியிலிருந்து காசை எடுத்து நீட்டினார். நான் வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். அதற்குள் அவள் முன்னால் வந்து கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அவர் போனபின் நான் அவளைப் பார்த்தேன். "வாங்காட்டி இன்னொரு நாள் எப்படி வருவாக?" என்றாள்.

அடுத்த சந்தையன்று வந்தார். அதே இடத்தில் உட்கார்ந்தார். விலை கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்தபின், "ஒரு சாப்பாடு கட்டிக் குடுக்க முடியுமா?" என்றார்.

"யாருக்கு?" என்று கேட்டுவிட்டாள் அவள்.

அய்யா கூரைக் காலைப் பார்த்தார். "வீட்டுல ஒரு ஆளு இருக்கு. நாலு நாளாக் காய்ச்ச. ஒலை வைக்க முடியலை."

அவள் இரண்டு இலையைச் சேர்த்து வைத்துச் சோற்றை அள்ளினாள். குழம்பைத் தனியே சிறு தொன்னையில் ஊற்றினாள். கட்டுவதற்கு நேரமானது. நார் இரண்டு முறை அறுந்தது. அய்யா பொட்டலத்தைத் துண்டில் முடிந்துகொண்டார். இரண்டு சாப்பாட்டுக்கும் காசு கொடுத்தார். அவள் வாங்கிப் பெட்டியில் போட்டாள்.